கறி வெந்த பிறகுதான் புளி

கவிதா, பிரபு, இதை ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் படிக்க வேண்டும். பிரபு, உனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். அக்காவைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள். போனில் போட்டு இங்கிலீஷுக்கு மாற்றிப் படிக்காதே. உன் கல்யாணத்துக்கு நான் 'வாழையடி வாழையாக வாழ்க' என்று எழுதிக் கொடுத்ததை அப்படி மாற்றிப் படித்துவிட்டு, "அப்பா, ஏன் எங்களை பனானாங்கறீங்க?" என்று கேட்டவன் நீ.

போன மாதம் உன் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் உன் ஆபீஸ் பையன் ஒருத்தன் வடைத் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நல்ல பையன். "அங்கிள், நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டான். "சமையல்காரன்ப்பா. வயசானவங்க இருக்கிற கேர் ஹோம்ல" என்றேன். "ஓ, இப்ப?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் நீ குறுக்கே வந்து, "அப்பா ஏர்லி ரிடயர்மென்ட் வாங்கிட்டார்" என்று முடித்துவிட்டாய். அக்காவும் அங்கே நின்று தலையை ஆட்டினாள். பிறகு காரில் நான் கேட்டபோது, "அப்பா, இட்ஸ் ஜஸ்ட் ஈஸியர்" என்றாள்.

யாருக்கு ஈஸி? உன் வீட்டு விசேஷம் என்பதால் அன்றைக்குச் சும்மா இருந்தேன். இனிமேல் இருக்க மாட்டேன்.

நான் ரிடயர்மென்ட் வாங்கவில்லை. என்னை வேலையை விட்டு எடுத்தார்கள். கையில் ஒரு கடிதம் கொடுத்து, லாக்கர் சாவியை வாங்கிக்கொண்டு, கார் வரைக்கும் ஒருத்தரைத் துணைக்கு அனுப்பி எடுத்தார்கள். காரணம் ஒரு பிளாஸ்க் சினிகாங். பன்றிக்கறியும் காய்கறியும் போட்டு பிலிப்பீன்ஸ்காரர்கள் வீட்டில் வைக்கிற புளிக்குழம்பு. அதை நம் வீட்டில் நான் சமைத்தேன். அதற்கு நான் அன்றைக்கும் வெட்கப்படவில்லை, இன்றைக்கும் வெட்கப்படவில்லை. நீங்கள் ஏன் வெட்கப்படுகிறீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. முழுக் கதையும் தெரியாததால் இருக்கலாம். அதனால் எழுதுகிறேன்.

பழையதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாத்தூரில் பத்தாவது வரை படித்தேன். கோயில்பட்டி, மதுரை, சென்னை என்று ஹோட்டல் ஹோட்டலாக அடுப்படியில் நின்றேன். சன்னிவேலில் ஒரு தமிழ் ஹோட்டல்காரர் விசா போட்டு அமெரிக்காவுக்குக் கூட்டி வந்தார். தோசைக்கல் முன்னாலேயே ஏழு வருஷம் போனது. கிரீன் கார்டு வந்ததும் உங்கள் அம்மா, "சனி ஞாயிறுகூடப் புள்ளைங்க மூஞ்சியப் பாக்காத வேலை என்ன வேலை?" என்றாள். அப்போது சான் ஹோசேயில் இருந்த அந்த கேர் ஹோமில் சமையலுக்கு ஆள் கேட்டார்கள். போனேன். பதினேழு வருஷம் அங்கேதான்.

அங்கே சமையல்கட்டுக்குத் தலைவி கோரா. பிலிப்பீன்ஸ்காரர். என்னைவிட நாலு வயது சின்னவர். ஆனாலும் எல்லாரும் 'ஆத்தே கோரா' என்றுதான் கூப்பிட வேண்டும். ஆத்தே என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. முதல் நாள் எனக்கு அது வாயில் வரவில்லை. சாத்தூர்ப் பக்கம் 'ஆத்தே' என்றால் பயந்து கத்துகிற சத்தம். ஒரு மாதத்தில் ரெண்டும் ஒன்றுதான் என்று புரிந்துவிட்டது.

ஆத்தே கோரா கத்த மாட்டார். குரலே உயராது. தலையில் வலை, மூக்குக்கு மேல் இறங்கின கண்ணாடி, ஏப்ரன் பையில் எப்போதும் சாப்பாட்டுச் சூடு பார்க்கிற ஒரு தெர்மாமீட்டர். ருசி பார்க்கக் கரண்டியை வாயில் வைக்கவே மாட்டார். குட்டி சாஸரில் ஊற்றி, ஆறவிட்டு, உறிஞ்சிப் பார்ப்பார். சரியாக இருந்தால் சாஸரைக் கழுவப் போட்டுவிட்டுப் போய்விடுவார். தப்பாக இருந்தால் ஒரு கிண்ணம் நிறைய ஊற்றி, சமைத்தவன் கையில் கொடுத்து, "சாப்பிடு, முரு" என்பார். முருகேசன் என்ற என் பெயர் அங்கே முருதான். அங்கே எல்லாரும் இங்கிலீஷில் பேசியதைத்தான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

அந்தக் கிண்ணம் எனக்கு ஒரு தடவை வந்தது. அந்த ஹோமில் இருந்தவர்களில் பாதிப் பேர் பிலிப்பீன்ஸ்காரர்கள். அதனால் வாரத்தில் ஒரு நாள் சினிகாங். நான் சேர்ந்த மூன்றாவது வாரம் அதை என்னிடம் விட்டார். புளிக்குழம்புதானே, எனக்கா சொல்லித் தர வேண்டும்? இருபத்தைந்து வருஷம் புளி கரைத்த கை. நம் வழக்கப்படி புளியை முதலிலேயே ஊற்றி, பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு, அதில் கறியைப் போட்டேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ரெண்டு மணி நேரம் ஆயிற்று. கறி வேகவில்லை. செருப்பு வார் மாதிரி இருந்தது. முள்ளங்கிகூடக் கடித்தால் நறுக் நறுக் என்றது. சாப்பிடப் போகிறவர்கள் வாயிலோ பல்லே கிடையாது.

ஆத்தே கோரா ஒரு துண்டை முள்கரண்டியால் அழுத்திப் பார்த்தார். கிண்ணத்தை நீட்டினார். பாத்திரம் கழுவுகிற மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு நான் சாப்பிட்டேன். மென்று மென்று தாடை வலித்தது. அவர் பக்கத்திலேயே நின்று வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கிண்ணம் காலியானதும், "என்ன தெரிஞ்சது?" என்றார்.

"புளி முதல்ல போனா எதுவும் வேகாது, ஆத்தே."

"கறி வெந்த பிறகுதான் புளி. உன் ஊர்ல குழம்புக்குக் காய். இங்க காய்க்குத்தான் குழம்பு." அவ்வளவுதான். அன்றைக்கு எல்லாருக்கும் முட்டையும் சாதமும் போனது.

அவர் இன்னொரு விஷயமும் கற்றுக் கொடுத்தார். என் வேலை போனதற்குக் காரணம் அதுதான். ஒவ்வொரு அறைக் கதவிலும் ஒரு அட்டையில் பேப்பர் செருகியிருக்கும். அந்த அறையில் இருப்பவர் அந்த வேளை என்ன சாப்பிட்டார், எவ்வளவு சாப்பிட்டார் என்று எழுத வேண்டும். முழுவதும், பாதி, கால், இல்லை. கீழே யார் எழுதியது என்று பெயர். டாக்டர் வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார். ஒரு நாள் ஒரு நர்ஸ், "டாக்டர் வர்றார், கால்னு இருக்கிறதைப் பாதின்னு போட்டுடு, கேள்வி வராது" என்று என்னிடம் சொன்னாள். நான் பேனாவை எடுத்துவிட்டேன். ஆத்தே கோரா வந்து அந்தப் பேனாவை என் கையிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டார். "வாய்க்குள்ள போனதை எழுது. போகாததை எழுது. உனக்குப் பிடிச்சதை எழுதாதே. உள்ள இருக்கிறவங்களால பேச முடியாது. அவங்களுக்காகப் பேசறது இந்தப் பேப்பர் ஒண்ணுதான்."

அது பதினேழு வருஷமும் என் கையை விட்டுப் போகவில்லை.

அப்புறம் காலம் மாறியது. ஹோமை வேறு கம்பெனி வாங்கியது. சமையல்கட்டில் இருந்த ஆறு அடுப்பையும் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கிருந்தோ லாரியில் தட்டு வரும், மேலே பிளாஸ்டிக் ஒட்டி. சூடு பண்ணி, பிளாஸ்டிக்கைக் கிழித்து, கொடுக்க வேண்டும். தட்டில் இருப்பது சிக்கனா மீனா என்று மேலே ஒட்டின லேபிளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆத்தே கோரா ஒரு மாதம் அந்தத் தட்டைச் சூடு பண்ணினார். பிறகு ஏப்ரனைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைத்துவிட்டு ஊருக்கே போய்விட்டார். தெர்மாமீட்டரை மட்டும் என் பையில் செருகிவிட்டுப் போனார்.

நான் போகவில்லை. எனக்கும் அம்மாவுக்கும் மெடிகேர், அதுதான் வயசானவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற இன்ஷூரன்ஸ், வர இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. அதுவரைக்கும் அம்மாவின் சர்க்கரைக்கும் முழங்காலுக்கும் என் வேலையில் வந்த இன்ஷூரன்ஸ்தான். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மாங் பென். மாங் என்றால் அவர்கள் பெரியவர்களுக்குக் கொடுக்கிற மரியாதை. அவர் ஏர்போர்ட்டில் முப்பது வருஷம் பெட்டி ஏற்றி இறக்கியவர். தோள் இரண்டும் கதவு மாதிரி இருக்கும். பக்கவாதம் வந்து வலது பக்கம் போய்விட்டது. விழுங்குவதில் சிக்கல். அதனால் எதுவாக இருந்தாலும் அரைத்துத்தான் கொடுக்க வேண்டும், தண்ணீர்கூடக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும், உப்பு குறைவு என்று டாக்டர் எழுதியிருந்தார். அந்த விதிகளை நான் ஒரு நாளும் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஒரு வாய் தண்ணீர் நுரையீரலுக்குள் போய் மனுஷன் போனதைப் பார்த்திருக்கிறேன்.

தட்டு வந்த பிறகு மாங் பென் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். கரண்டியை உதட்டுக்குக் கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்புவார். கதவுப் பேப்பரில் இல்லை, இல்லை, கால், இல்லை என்று என் கையாலேயே எழுதினேன். வாரா வாரம் எடை பார்ப்பார்கள். ஒவ்வொரு வாரமும் குறைந்தது. அந்தத் தோள் ஹேங்கரில் மாட்டிய சட்டை மாதிரி ஆகிவிட்டது. வயிற்றில் குழாய் வைக்கலாமா என்று கேட்டார்கள். அவர் இடது கையை ஆட்டி வேண்டாம் என்றார். அவருடைய ஒரே மகள் ரோவீனா டெக்ஸஸில், கேட்டி என்கிற ஊரில் இருந்தாள். போனில் அழுதாள்.

ஒரு நாள் தட்டை எடுக்கப் போனபோது அவரிடம் கேட்டேன். "மாங் பென், என்னதான் வேணும் உங்களுக்கு?"

வாய் கோணி, எழுத்தெழுத்தாகத்தான் பேச்சு வரும். "புளிப்பு" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "இங்க எதுலயும் புளிப்பே இல்லை" என்றார்.

அன்றைக்கு வேலை முடிந்ததும் நேராக மில்பிடாஸில் இருக்கிற பிலிப்பீன்ஸ் கடைக்குப் போனேன். பன்றி விலாக்கறி, முள்ளங்கி, காராமணிக்காய், வெண்டைக்காய், சேப்பங்கிழங்கு, ஒரு கட்டு வள்ளைக்கீரை. வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன்.

"பன்னிக்கறியா? வெள்ளிக்கிழமை வெளக்கேத்துற வீடுங்க இது."

"உள்ள இல்ல ஜோதி. பேக்யார்டுல, பிரியாணி அடுப்புல."

"எந்தப் பாத்திரத்துல?"

"புதுசு வாங்கியாச்சு."

"அப்ப எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டு என்கிட்ட பேருக்குக் கேக்கறீங்க."

"கேக்கல. சொல்றேன்."

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள். பத்து நிமிஷத்தில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, புகை படாத பக்கமாக உட்கார்ந்தாள். "தாளிக்கல. பெருங்காயம் இல்ல. ஒரு மஞ்சப்பொடிகூட இல்ல. ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்கு" என்றாள்.

"ஆஸ்பத்திரி மாதிரி எடத்துக்குத்தான போகுது."

முதல் தடவை ஒரு தப்பு பண்ணினேன். கடையில் புளியங்காய் தீர்ந்துவிட்டது. வீட்டில் இருந்த நம் பழுத்த புளியையே கரைத்து ஊற்றிவிட்டேன். சாறு காப்பி நிறமாகிவிட்டது. அம்மா மூக்கை உறிஞ்சி, "இப்பத்தான் குழம்பு வாசனை வருது" என்றாள். அவளுக்குப் பிடித்துவிட்டது என்றதுமே தெரிந்துவிட்டது, இது சினிகாங் இல்லை. அந்தப் பானையை அப்படியே எதிர்வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். மறுநாள் அந்தக் கடைக்காரர் ஃப்ரீஸரின் அடியிலிருந்து புளியங்காய் எடுத்துக் கொடுத்தார். திரும்ப ஆரம்பித்தேன்.

எப்படி வைப்பது என்று எழுதுகிறேன். நீங்கள் வைக்க மாட்டீர்கள், தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

அரிசி களைந்த முதல் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இரண்டாவது தண்ணீரை எடுத்து வைக்க வேண்டும். கறியைத் தனியாக ஒரு கொதி கொதிக்கவிட்டு, பொங்குகிற அழுக்கோடு அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட வேண்டும். பிறகு அரிசித் தண்ணீரில் கறி, வெங்காயம், தக்காளி. சின்னத் தீ. எலும்பிலிருந்து கறி தானாகக் கழலும் வரை வேறு எதையும் தொடக் கூடாது. பக்கத்தில் இன்னொரு சட்டியில் புளியங்காயை வெடிக்கும் வரை வேகவைத்து, மத்தால் மசித்து, வடிகட்டி வைத்துக்கொள்ள வேண்டும். கறி வெந்த பிறகு சேப்பங்கிழங்கு. அது குழைந்ததும் முள்ளங்கி, காராமணி, கடைசியில் வெண்டைக்காய். பச்சை மிளகாய் கீறாமல், முழுசாக. இதெல்லாம் வெந்து, எதை அழுத்தினாலும் கரண்டியில் நசுங்கும் என்று தெரிந்த பிறகுதான் புளித் தண்ணீர். ஒரு கொதி. கீரையைப் போட்டு அடுப்பை அணைத்து மூடிவிட வேண்டும். அவர்கள் மீன் சாஸ் ஊற்றுவார்கள். நான் ஊற்றவில்லை, உப்பும் போடவில்லை. புளிப்பு சரியாக இருந்தால் நாக்கு உப்பைத் தேடாது.

மாங் பென்னுக்கு வேறு மாதிரி. கறியை எடுத்துச் சாறு விட்டு மிக்ஸியில் அரைத்து, சல்லடையில் தேய்த்து இறக்கினேன். முள்ளங்கி தனி, கீரை தனி. எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்தால் சேறு மாதிரி ஆகிவிடும், சாப்பிடுகிறவனுக்கு எதைச் சாப்பிடுகிறோம் என்றே தெரியாது. சாறு தண்ணீராக இருந்தால் அவருக்கு ஆபத்து. ஹோமில் அதைக் கெட்டியாக்க ஒரு பவுடர் உண்டு. வாயில் பசை மாதிரி ஒட்டும். நான் சேப்பங்கிழங்கை மசித்து, வடிகட்டி, சாறோடு சேர்த்துக் கஞ்சிப் பதத்துக்குக் கொண்டுவந்தேன். கரண்டியைச் சாய்த்தால் சொட்டாமல் மொத்தமாக வழுக்கி விழ வேண்டும். அதுதான் அளவு.

கிளம்பும்போது அம்மா உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்க்கைக் கொண்டுவந்தாள். எங்கள் கல்யாணத்துக்கு அவள் அத்தை கொடுத்தது. அதில் பால் தவிர எதையும் ஊற்ற விட மாட்டாள். "ஆறிப்போச்சுன்னா அந்த மனுஷன் திரும்பவும் மொகத்தைத் திருப்பிக்குவார்" என்றாள். "ஆனா அத இனிமே வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க."

மத்தியானம். ஷிஃப்ட் நர்ஸ் அறையில் இருந்தாள். அவளுக்கு நான் எதையும் மறைக்கவில்லை. ஆத்தே கோராவின் தெர்மாமீட்டரைப் போட்டுச் சூட்டைக் காட்டினேன். அவளே கரண்டியைச் சாய்த்துப் பதம் பார்த்தாள். ரோவீனாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம். "அப்பா என்ன கேட்டாலும் குடுங்க, ப்ளீஸ்" என்றாள் அவள். நர்ஸ் பெருமூச்சு விட்டு, மாங் பென்னை நிமிர்த்தி உட்காரவைத்தாள்.

அரைக் கரண்டி. உதட்டில் வைத்தேன். முகத்தைத் திருப்பப் போனவர் நின்றுவிட்டார். வாசனை. நாக்கு வெளியே வந்து தொட்டது. வாய் திறந்தது. ஒரு தடவை விழுங்கினார். நர்ஸ் அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாங் பென் கண்ணை மூடிக்கொண்டார்.

"முள்ளங்கி ஜாஸ்தி" என்றார்.

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யார் வச்சது?"

"நான்தான், மாங் பென்."

"இந்தியன்."

"ஆமா."

"பரவாயில்லை" என்றார். வாயைத் திறந்தார். கிண்ணம் காலியாக நாற்பது நிமிஷம் ஆயிற்று.

வெளியே வந்து கதவுப் பேப்பரை எடுத்தேன். நர்ஸ் என் கையைப் பிடித்தாள். "முரு, நான் ஒண்ணும் பாக்கல. ஆனா நீ இதை எழுதாதே. வேலை பாக்கறவங்க வீட்டுல சமைச்சுக் கொண்டு வரக் கூடாதுன்னு ரூல். தட்டுலேர்ந்து சாப்பிட்டார்னு போடு."

ரூல் எனக்கும் தெரியும். எழுதினேன். 'சினிகாங். வீட்டில் சமைத்தது. ஒரு கிண்ணம். முழுவதும்.' கீழே என் பெயர்.

தட்டிலிருந்து சாப்பிட்டார் என்று எழுதினால் என்ன ஆகும்? டாக்டர் பார்த்துவிட்டு, தட்டு ஒத்துக்கொண்டது, அதையே கொடுங்கள் என்பார். மாங் பென் அந்தத் தட்டு முன்னாலேயே பட்டினி கிடந்து போவார். பேப்பர் மட்டும் அவர் நன்றாகச் சாப்பிட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கும்.

பதினோரு நாள் கொண்டுபோனேன். பதினோரு நாளும் எழுதினேன். எடை குறைவது நின்றது. பன்னிரண்டாவது நாள் அட்மினிஸ்ட்ரேட்டர் கூப்பிட்டார். சின்ன வயசு, மரியாதையான ஆள். உட்காரச் சொல்லித் தண்ணீர்கூடக் கொடுத்தார். மேஜையில் பதினோரு பேப்பரும் வரிசையாக இருந்தன.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமா."

"ஏன் எழுதினீங்க?" கொண்டுவந்ததை அவர் கேட்கவில்லை, பாருங்கள். எழுதியதைத்தான் கேட்டார்.

"சாப்பிட்டார். அதனால எழுதினேன்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இப்படிப் பண்ணலாம். குடும்பத்துக்காரங்க கொண்டு வந்தாங்கன்னு மாத்தி எழுதிக் குடுங்க. அவங்களோ அவங்க அனுப்பற ஆளோ கொண்டு வரலாம், அனுமதி உண்டு. உங்களுக்கு ஒரு வார்னிங்கோட முடிஞ்சிடும். மகள்கிட்ட நானே பேசறேன்." பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

அந்த ஆள் எனக்கு நல்லதுதான் செய்யப் பார்த்தார். எனக்கு அம்மாவின் முழங்கால் ஞாபகம் வந்தது. ஒன்றரை வருஷம் ஞாபகம் வந்தது. அந்த அறையில் குளிர் அதிகம். பேனாவைத் தொட்டுக்கூடப் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

"மகள் கேட்டியில இருக்கா சார். சமைச்சது நான். இதுல இருக்கிறது எல்லாம் நடந்தது. ஒரு வரியும் மாத்த மாட்டேன்."

"அப்ப எனக்கு வேற வழி இல்ல, முரு."

"உங்களுக்கு இல்ல. எனக்கு இருக்கு" என்றேன். அப்போது அது என்ன என்று எனக்கே சரியாகத் தெரியாது. வீறாப்பில் சொன்னதுதான்.

வீட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள் ரெண்டு பேரும் போனில் அம்மாவோடு சேர்ந்துகொண்டு என்னைக் கேட்டீர்கள். அம்மா சொன்னாள், "ஒரு வார்த்தை மாத்தி எழுதினா கை தேஞ்சா போயிடும்?" கவிதா அம்மாவைத் தன் இன்ஷூரன்ஸில் சேர்க்க முடியுமா என்று ஆபீஸில் கேட்டாள், முடியவில்லை. அரசாங்கம் நடத்துகிற வழியில் வேறு இன்ஷூரன்ஸ் எடுத்தோம். டாக்டரை மாற்ற வேண்டியிருந்தது. அம்மா ரெண்டு நாள் என்னிடம் பேசவில்லை. அது எல்லாம் உண்மை. நஷ்டமே இல்லை என்று நான் சொல்லவில்லை.

மூன்றாவது நாள் காலையில் ரோவீனாவின் போன் வந்தது. அப்பா திரும்பவும் வாயை இறுக்கிக்கொண்டார் என்றாள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே அட்மினிஸ்ட்ரேட்டர் சொன்ன வார்த்தை என் காதில் விழுந்தது. வேலை பார்க்கிறவன்தான் கொண்டுபோகக் கூடாது. குடும்பம் அனுப்புகிற ஆள் கொண்டுபோகலாம். நான் இப்போது அங்கே வேலை பார்க்கிறவன் இல்லையே! அதை அவர்களே கடிதமாகக் கொடுத்திருக்கிறார்களே!

"ரோவீனா, விசிட்டர் லிஸ்ட்ல என் பேரப் போடும்மா" என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அம்மா பேக்யார்டு கதவைத் திறந்துகொண்டு முள்ளங்கியோடு நின்றாள். "அந்தாளு அன்னைக்கு முள்ளங்கி ஜாஸ்தின்னு சொன்னாரில்ல? ரெண்டு போதும்" என்றாள்.

மத்தியானம் முன்வாசல் வழியாகப் போனேன். பதினேழு வருஷத்தில் முதல் தடவை முன்வாசல். வரவேற்பு மேஜையில் இருந்த பெண் எனக்கு விசிட்டர் ஸ்டிக்கர் கொடுத்தாள், சட்டையில் ஒட்டிக்கொண்டேன். வராந்தாவில் அட்மினிஸ்ட்ரேட்டர் எதிரே வந்தார். ஸ்டிக்கரைப் பார்த்தார். பிளாஸ்க்கைப் பார்த்தார். லிஸ்ட்டைப் புரட்டிப் பார்த்தார். பெயர் இருந்தது. வழி விட்டார். போகும்போது, "சூடு செக் பண்ணிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். தெர்மாமீட்டரைத் தூக்கிக் காட்டினேன்.

அப்படி நாலரை மாதம், தினம் மத்தியானம். மாங் பென் கடைசி வரைக்கும் ஏதாவது குறை சொல்லிக்கொண்டேதான் சாப்பிட்டார். அவர் மறுபடி எழுந்து நடக்கவில்லை. நான் அவரைக் குணப்படுத்திவிட்டேன் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அவர் பசியோடு போகவில்லை. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அதையும் அவர்கள் என்னை அனுப்பியதால்தான் செய்ய முடிந்தது. ஆகவே இனிமேல் யாராவது கேட்டால், "எங்க அப்பாவை வேலையை விட்டு எடுத்தாங்க, ஏன்னு அவர்கிட்டயே கேளுங்க" என்று சொல்லுங்கள். வடைத் தட்டோடு வந்தாலும் சரி.

கடைசி நாளைப் பற்றி அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அவள் அன்றைக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். சினிகாங் வைத்து இறக்கி, கீரையைப் போட்டு மூடிவிட்டு, பிளாஸ்க்கைத் தேடும்போது ரோவீனாவின் போன் வந்தது. காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அடுப்பை அணைத்திருந்தேனா என்று திரும்பப் போய்ப் பார்த்தேன். அணைத்துத்தான் இருந்தது. ஒரு கிண்ணம் நிறைய ஊற்றிக்கொண்டேன். பேக்யார்டில், சுவர் ஓரமாக நின்றுகொண்டே சாப்பிட்டேன். கறி நன்றாக வெந்திருந்தது. முள்ளங்கி அளவாக இருந்தது. கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். பிறகு உள்ளே போய், மளிகைக் கடையில் கொடுத்த காலண்டரை ஆணியிலிருந்து எடுத்து, அன்றைய தேதிக் கட்டத்துக்குள் பேனாவால் எழுதினேன். 'சினிகாங். வீட்டில் சமைத்தது. ஒரு கிண்ணம். முழுவதும்.'

சாப்பிட்டவர் யார் என்று எழுத இடம் கொஞ்சம்தான் இருந்தது. முருகேசன் என்று எழுதினேன்.